தாழ்த்திய காரும் உரசும் டயரும்

சென்ற ஆவணி மாதம் நாகர்கோவிலில் எங்கள் நெருங்கிய உறவில் ஒரு திருமணம். கரமனையிலிருந்து என் அக்கா வீட்டார் ஐந்து பேரும் சீர்ப் பாத்திரங்கள், துணிப்பெட்டி, ஒரு சிப்பம் மட்டிப் பழம் சகிதம் அதிகாலையிலேயே அக்கா மகனின் காரில் கிளம்பிவிட்டார்கள். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. பாலராமபுரம் தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து 'கர்ர்... கர்ர்...' என்று ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் கேட்கிறது, சமதரையில் இல்லை. "புது வண்டிச் சத்தம்தான் அப்பா" என்று மருமகன் சமாதானம் சொல்லியிருக்கிறான். நெய்யாற்றின்கரை நெருங்கும்போது ரப்பர் தீயும் நாற்றம் வந்ததும் அத்தான் பிடிவாதமாக நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். பின்பக்க இடது டயரின் தோள்பகுதியை, சுற்றிலும் ஒரே சீராக, அரிவாள்மணையில் சீவியதுபோல் சீவி எடுத்திருந்தது. ஒரு இடத்தில் உள்ளிருக்கும் நூலே தெரிந்தது.

ஸ்டெப்னியை மாட்டி, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், அவர்கள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. தாலி கட்டு பார்க்க முடியவில்லை என்று அக்காவுக்கு இன்றுவரை குறைதான். ஆனால் அந்த டயர் இன்னும் இருபது கிலோமீட்டர் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை.

நம் சங்கக் குடும்பங்களில் பல வீட்டுப் பிள்ளைகள் இன்று கழக்கூட்டத்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, இரண்டாம் வருடத்தில் கார், மூன்றாம் வருடத்தில் அந்தக் காரைத் தாழ்த்தி அகல டயர் போடும் ஆசை. கேரளத்து இளைஞர்களுக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சம் அதிகம். கூடப் பழகும் நம் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடுகிறது. திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்துகொண்ட விஷயங்கள் மற்றப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உதவலாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் மருமகன் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆனி மாதத்தில் ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் இறக்கினான். பழைய ரிம்களை எடுத்துவிட்டு அகலமான அலாய் ரிம்மும் அதற்கேற்ற டயரும் போட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, மறுப்பதற்கில்லை. பிறகு நண்பர்களுடன் பொன்முடி போனான். அந்த மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தபோதெல்லாம் முன்சக்கரம் உள்பக்கம் எதிலோ உரசியது. ஊருக்குத் திரும்பியதும் ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு நான்கு சக்கரத்துக்கும் 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் வாங்கிப் போட்டான். முன்பக்க உரசல் நின்றுவிட்டது. அலுவலகத்துக்குத் தனியாகத்தான் போய் வருகிறான். ஒரு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அதன்பின் வந்ததுதான் மேலே சொன்ன கல்யாணப் பயணம்.

ஸ்பேசர் என்பது வேறொன்றுமில்லை. அலுமினியத்தில் கடைந்த ஒரு வட்டத் தகடு. சக்கரத்துக்கும் அது பொருந்தும் ஹப்புக்கும் நடுவில் வைத்து நட்டை முடுக்குவார்கள். தகடு எவ்வளவு கனமோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். அது செய்யும் வேலை இது ஒன்றுதான். ஆகவே உரசல் உள்பக்கம் இருந்தால் ஸ்பேசர் மருந்து. உரசல் வெளிப்பக்கம், அதாவது மட்கார்டின் விளிம்பில் இருந்தால், அதே ஸ்பேசர் விஷம். எங்கள் வண்டியில் முன்னே மருந்தாக இருந்தது பின்னே விஷமாகிவிட்டது.

இதை எங்களுக்கு விளக்கியவர் கரமனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும், மார்த்தாண்டத்துப் பக்கத்துக்காரரான ஒரு ஆசான். (இங்கே தலைமை மெக்கானிக்கை ஆசான் என்றுதான் அழைப்பார்கள், மலையாளிகளும் அப்படியே.) வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "தம்பி, முன்னால உள்ளது ஒரு நோவு, பின்னால உள்ளது வேறொரு நோவு. ரெண்டுக்கும் ஒரே மாத்திரை குடுத்தா எப்படி?" என்றார். பிறகு ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ரிம்மின் உள்முகத்தில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ஒன்று அகலம், அங்குலத்தில். மற்றது 'ஈ.டி.' என்ற எழுத்துகளுடன் ஒரு எண். ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பதை அது சொல்கிறது. ஆங்கிலத்தில் ஆஃப்செட் என்பார்கள். இந்த எண் பெரிதானால் சக்கரம் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும்.

மருமகனின் பழைய ரிம் ஐந்தரை அங்குலம், ஈ.டி. 45. புதியது ஏழு அங்குலம், ஈ.டி. 38. அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. அதில் பாதி, 19, உள்ளே போகும். மறுபாதி வெளியே வரும். ஆஃப்செட் ஏழு குறைந்ததால் சக்கரம் முழுவதுமே 7 மில்லிமீட்டர் வெளியே நகரும். எனவே வெளிவிளிம்பு 19-உம் 7-உம் சேர்த்து 26 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கிறது. உள்விளிம்பு 19-இல் 7 போக 12 மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. பொன்முடியில் உள்ளே உரசியதற்கு அந்த 12 மில்லிமீட்டர்தான் காரணம்.

இப்போது 10 மில்லிமீட்டர் ஸ்பேசரைச் சேருங்கள். உள்பக்கம் 12 வெறும் 2 ஆகிவிடுகிறது. சத்தம் நின்றதில் ஆச்சரியமில்லை. வெளிப்பக்கமோ 26 என்பது 36 ஆகிறது. கம்பெனி விட்டிருந்த இடைவெளியில் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலத்தைத் தின்றாகிவிட்டது. அதோடு வண்டியும் 40 மில்லிமீட்டர் கீழே. மட்கார்டின் உள்மடிப்பு விளிம்பு தகட்டுக் கத்திபோல நேராக டயரின் தலைக்கு மேல் வந்து நிற்கிறது.

அப்படியானால் ஒரு மாதம் ஏன் உரசவில்லை? என் அத்தானும் இதைத்தான் கேட்டார். ஆசான் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, தம்பி தனியா போனா அறுபது கிலோ. நீங்க அஞ்சு பேரும் சாமானும் ஏறினா?" என்றார். ஐந்து பேரும் சீர்ப் பாத்திரமும் சேர்ந்து 350 கிலோவுக்குக் குறையாது. அதில் பெரும்பகுதி பின்னால்தான் இறங்கும். ஸ்பிரிங் அமுங்கும்போது மட்டும் டயர் விளிம்பைத் தொடும். பள்ளத்தில் சத்தம் வந்தது அதனால்தான். ஒற்றை ஆள் ஓட்டிப் பார்த்துவிட்டு "உரசவில்லை" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. நம்மைப்போல் விசேஷத்துக்கு விசேஷம் குடும்பத்தோடு களியக்காவிளை தாண்டுகிறவர்கள், வண்டியை நிறைத்துவைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

ஆசான் சோதித்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று; செலவு ஐந்து ரூபாய்கூட இல்லை. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை எடுத்து, டயரின் தோள் முழுவதும், மட்கார்டின் உள்விளிம்பு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் பட்டையாகப் பூசினார். ஒர்க்‌ஷாப் பையன்களையும் எங்களையும் உள்ளே ஏற்றினார். காலி இடத்தில் மெதுவாக இருபக்கமும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து எட்டுப் போடச் சொன்னார். பிறகு தெருமுனை வேகத்தடையில் ஒருமுறை ஏறி இறங்கினோம். இறங்கிப் பார்த்தால் சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசல். இதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை. முன்சக்கரத்தில் உறையின் முன்புற மூலையிலும் கொஞ்சம் அழிந்திருந்தது. அது ஸ்பேசர் தந்த புது வியாதி: சக்கரம் வெளியே தள்ளி நின்றால், ஒடிக்கும்போது அது சுற்றும் வட்டமும் பெரிதாகி, பம்பர் பக்கத்து மூலையைத் தேடிப் போகும்.

உள்பக்கம் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தின் பின்னால் நிற்கும் ஸ்ட்ரட் எனப்படும் தூணும் ஸ்டியரிங்கோடு சேர்ந்தே திரும்புவது. ஆகவே அதற்கும் டயருக்கும் உள்ள இடைவெளி ஒடித்தாலும் நேராக இருந்தாலும் ஒன்றுதான். அங்கே சாக்பீஸ் எட்டாது. ஒரு நெல்லிக்காய் அளவு களிமண் உருண்டையைத் தூணில் ஒட்டிவிட்டுச் சக்கரத்தை மாட்டிக் கழற்றினால், களிமண் எவ்வளவு தட்டையாகிறதோ அதுதான் இடைவெளி. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அவர் வண்டியை வெளியே விடமாட்டாராம்.

இதற்கெல்லாம் மேலாக அவர் காட்டிய ஒன்றுதான் என் வயிற்றைக் கலக்கியது. ஸ்பேசரோடு இருந்த சக்கரத்தின் நட்டைக் கழற்றும்போது சத்தமாக எண்ணினார். ஐந்தரைச் சுற்றில் நட்டு கையோடு வந்துவிட்டது. அந்த ஸ்டட் 12 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது; ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் ஒன்றேகால் மில்லிமீட்டர். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அந்த நீளத்துக்காவது நட்டு பிடித்திருக்க வேண்டும் என்பது தொழிலில் பொதுவான அளவு. அதாவது ஒன்பது பத்துச் சுற்று. 10 மில்லிமீட்டர் ஸ்பேசரை நடுவில் சொருகினால் எட்டுச் சுற்றை அது விழுங்கிவிடுகிறது. ஆக, பாதிப் பிடியில் தொங்கிக்கொண்டிருந்த சக்கரத்தில்தான் அத்தனை பேரும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். டயர் உரசியது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். உரசாமல் இருந்திருந்தால் யாரும் நட்டை எண்ணியிருக்க மாட்டோம்.

ஸ்பேசர் என்றாலே தப்பா என்றால், இல்லை. ஜெர்மனியில் போர்ஷே கம்பெனியே தன் சில கார்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறது. அங்கே தனியார் வாங்கிப் போடும் ஸ்பேசருக்கும், இந்த வண்டிக்கு இந்த அளவு என்று சோதனைச் சான்று வேண்டும். கனத்த ஸ்பேசர் போட்டால் நீளமான ஸ்டட் மாற்றுவார்கள், அல்லது ஸ்பேசரையே ஹப்பில் தனி நட்டுகளால் முடுக்கி, அதிலேயே இருக்கும் வேறு ஸ்டட்டுகளில் சக்கரத்தை மாட்டுவார்கள். நடு ஓட்டை ஹப்பின் கழுத்தில் பிசகில்லாமல் உட்கார வேண்டும். எல்லா வண்டிக்கும் பொதுவாகப் பொருந்தும் என்று விற்கும் தகடுகளில் ஓட்டை பெரிதாக இருக்கும், சக்கரம் மையம் தவறி, வேகம் போனால் ஸ்டியரிங் நடுங்கும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி அளவு பார்த்து முடுக்க வேண்டும். இத்தனையும் செய்தாலும் சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் பேரிங்குக்குக் கூடுதல் பாரம் உண்டு. நம் ஊர்க் கடைகளில் இவ்வளவு பார்த்துச் செய்வதை நான் கண்டதில்லை. பெட்டியைப் பிரித்து, சொருகி, முடுக்கி, காசு வாங்கிவிடுகிறார்கள்.

தாழ்த்துவதிலும் இதே அவசரம்தான். பணம் மிச்சம் பிடிக்கச் சிலர் ஸ்பிரிங்கையே வெட்டிவிடுகிறார்கள். ஆறு சுருளில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் ஐந்தில் ஒரு பங்கு விறைப்பாகும். பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். மருமகன் நல்லவேளையாக வெட்டவில்லை.

நமது சாலைகளையும் நினைக்க வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கார் மெத்தென்று ஏறி இறங்கும். நம் சந்துகளில் ஆளாளுக்குப் போட்டுவைத்திருக்கும் திண்டுகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மழைக்காலத்தில் தம்பானூரில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது 40 மில்லிமீட்டர் உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்பதுண்டு. இதில் கேரளத்துக்குத் தனி இடமே உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதற்கு எவ்வளவு தூரம் பொருள் கொள்வது என்ற வழக்கு இங்கிருந்துதான் எழுந்தது. கேரள உயர்நீதிமன்றம் உரிமையாளர்களுக்குச் சற்று இடம் கொடுத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2019 ஜனவரி 9 அன்று உச்சநீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டு, கம்பெனி விவரத்துக்கு முரணான மாற்றம் கூடாது, நிறம் மாற்றுவது, சிறு பொருத்துகள் சேர்ப்பது போன்றவை மட்டும் ஆகலாம் என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய சட்டத்தின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூபில் பெயர் பெற்ற இரு சகோதரர்களின் மாற்றியமைத்த வேனை மோட்டார் வாகனத் துறை பிடித்தபோது கேரளம் முழுவதும் அதே பேச்சாக இருந்தது. தாழ்த்திய ஸ்பிரிங், மட்கார்டுக்கு வெளியே துருத்தும் சக்கரம் எல்லாம் சாலையில் நிற்கும் இன்ஸ்பெக்டரின் கண்ணில் முதலில் படுபவை. அபராதம் போகட்டும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவதும் சொல்லாமல் செய்த இந்த மாற்றங்களைத்தான்.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை பழையது. கலிபோர்னியாவில் 1958-இல், ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பகுதியும் இறங்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். மறு வருடமே ரான் அகீரே என்ற இளைஞர், விமானத்தில் பயன்படும் ஹைட்ராலிக் பாகங்களைத் தன் காரில் மாட்டி, வேண்டும்போது ஏற்றவும் வேண்டாதபோது இறக்கவும் வழி செய்துவிட்டார். மெக்சிகோ வழிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தாழ்த்திய கார் ஒரு அடையாளமாகவே ஆகிவிட்டது. 2024 ஜனவரி முதல் அந்தத் தடை அங்கே நீங்கியிருக்கிறது. ஆக, ஆசை நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளதல்ல.

ஆசானிடம் மருமகன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். மட்கார்டின் உள்மடிப்பைச் சூடு காட்டி மடக்கிவிட்டால் போதாதா என்று. "மடக்கலாம். பெயின்ட் வெடிக்கும். நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ஒரு மழைக்காலம் போனா துரு வரும். அப்புறம் டயரைத் தாண்டி தகரத்துக்கு வைத்தியம் பாக்கணும்" என்றார். பிறகு அவர் சொன்ன வழி எளிமையானது. அதே மாடலின் உயர்ரகத்துக்குக் கம்பெனியே போட்டுத் தரும் அலாய் ரிம் ஆறு அங்குலம், ஈ.டி. அதே 45. பழையதைவிட உள்ளே ஆறு, வெளியே ஆறு மில்லிமீட்டர்தான் கூடுகிறது. கம்பெனி விட்ட இடைவெளிக்குள் அடங்கும். ஸ்பேசருக்கு வேலையே இல்லை. தோற்றமும் மோசமில்லை. ரிம் வாங்கும்போதே ஆஃப்செட் பார்த்து வாங்கியிருந்தால் இவ்வளவு கதையும் இல்லை.

மருமகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், "மாமா, அந்த ரிம் செகண்ட் ஹாண்டில் கிடைக்குமா, விசாரிக்கிறீங்களா?" என்று போன் செய்தான். கிடைத்தது. பழைய ஸ்பிரிங்குகள் பரணில் பத்திரமாக இருந்ததால் அவையும் திரும்ப ஏறின. சாக்பீஸ் சோதனையை அக்கா, அத்தான், அவர்களது மாமியார், இரண்டு மூட்டை அரிசி எல்லாவற்றையும் ஏற்றி மறுபடி செய்தோம், எங்கும் அழியவில்லை. தைப்பொங்கலுக்கு நாகர்கோவில் போய் வந்தார்கள்.

ஏழு அங்குல ரிம்களை ஒரு பையன் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போனான். வாங்கும்போது அவன் வண்டியின் ஈ.டி. எண்ணை மருமகனே கேட்டுக் கணக்குப் போட்டுக் கொடுத்தான். ஸ்பேசர்களை மட்டும் யாருக்கும் விற்கக் கூடாது என்று அத்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான்கும் இப்போது அக்காவின் சமையலறையில், குழம்புச் சட்டிக்கும் ரசப் பாத்திரத்துக்கும் பிரிமணையாக இருக்கின்றன.